ஓட்டை இல்லாத சைக்கிளுக்கு மட்கார்டு

போன வாரம் டீ குடிக்க, நான் வேலை பார்த்த சைக்கிள் கடைப்பக்கம் போனேன். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலை பத்து மணியானால் கால் தானாகவே அந்தத் தெருவுக்குள் திரும்பிவிடுகிறது. அப்போது ஒருவர் கியர் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "இதுக்கு மட்கார்டு போடணும்" என்றார். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மெக்கானிக் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கெல்லாம் வராதுண்ணே. மாட்டுறதுக்கு ஓட்டையே இல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு டீ கசந்துவிட்டது. மழை வரும், சேறு வரும், முதுகில் கோடு கோடாகச் சகதி வரும், மட்கார்டு மட்டும் வராதாமா? நாற்பது வருடத்துக்கு மேல் போடியில் சைக்கிளுக்கு ஸ்பேனர் பிடித்தவன் நான். இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வாயைத் திறந்துவிட்டேன். அரைமணி நேரம் மூடவில்லை. கடைசியில் கடை முதலாளி அன்வர் சிரித்துக்கொண்டே, "மாமா, தொண்டை வத்திப் போகும். பேசுனதை எல்லாம் எழுதிக் குடுங்க, கடையில மாட்டி வைக்கிறேன்" என்றான். "நான் எழுதுனா உன் செவரு பத்தாது மாப்ளே" என்றேன். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சைக்கிளில் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், குழாய் நுனியில், காது குத்தியது மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மட்கார்டைத் தாங்கும் கம்பியை அங்கேதான் போல்ட்டுப் போட்டு முடுக்குவோம். மேலே, சக்கரத்தின் உச்சிக்கு நேராக இன்னொரு ஓட்டை. இந்த ஓட்டைகள் இருந்தால் மட்கார்டு மாட்டுவது கால்மணி நேரச் சோலி. பந்தயச் சைக்கிள், கியர் சைக்கிள் என்று வருகிற வண்டிகள் பலவற்றில் இந்த ஓட்டைகளே கிடையாது. செய்கிறவன் மழை பெய்யாத ஊரில் இருப்பான் போலிருக்கிறது. போடியில் ஐப்பசி, கார்த்திகையில் மலையில் இருந்து இறங்குகிற மழையைப் பார்த்திருந்தால் இரண்டு ஓட்டைக்கு நான்காகப் போட்டு அனுப்பியிருப்பான்.

நான் வேலை படித்த கதை சுருக்கமானது. முதல் இரண்டு வருடம் காற்றடித்தேன், பஞ்சர் ஒட்டினேன். மூன்றாம் வருடம் ரிம்மில் கோட்டம் எடுக்கப் பழகினேன். நான்காம் வருடம் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கடை சாகுல் பாயுடையது. முதலாளியும் அவரே, தலைமை மெக்கானிக்கும் அவரே. அன்வர் அவருடைய மருமகன், பாய் காலத்துக்குப் பிறகு கடைக்கு வந்தவன்.

சாகுல் பாய் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வேலை பிடித்திருந்தால் அடுத்த வண்டியை எடுத்து என் முன்னால் நிறுத்துவார். பிடிக்கவில்லை என்றால் அதே வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அவ்வளவுதான். இதற்கு நடுவில் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

மட்கார்டு மாட்டுவதில் அவருக்கு என்று ஒரு முறை உண்டு. அவசரமாகக் கம்பியை முடுக்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். கோட்டம் உள்ள சக்கரத்துக்கு மட்கார்டு மாட்டி என்ன பயன்? பிறகு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விடுவார். சகதி உள்ளே நுழைகிற கீழ்முனையில் ஒரு விரல். அது சுற்றிக்கொண்டு வெளியே வருகிற முனையில் ஒன்றரை விரல். "உள்ள வந்த கல்லு வெளிய போக வழி வேணும்ல. வாசல் சின்னதா இருக்கலாம், கொல்லை பெருசா இருக்கணும்" என்பார். சிலமலைப் பக்கத்து வயல் மண் டயரில் அப்பிக்கொண்டு வந்தால் இதன் அருமை தெரியும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக, அழகாக மாட்டிய மட்கார்டு அந்த மண்ணில் அரை மைல்கூடத் தாங்காது. சக்கரம் நின்றுவிடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய சோதனை. ஒரு கையால் சீட்டையும் மறு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்து, வண்டியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவார். கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே கீழே விட்டுவிடுவார். நன்றாக முடுக்கிய வண்டி 'தப்' என்று ஒரே ஒரு சத்தம் போடும். அதற்குமேல் கிண், சல், கடகட என்று ஏதாவது கேட்டால் கண்ணைத் திறக்காமலே கேட்பார்: "பரமா, எந்த நட்டு பேசுது?"

நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார். ஒருமுறை மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் அது மட்கார்டே இல்லை, ஹேண்டில்பாரில் இருந்த மணியின் மூடி. வேறொருவர் என்றால் சிரித்திருப்பார். பாய் அடுத்த வண்டியை எடுத்து நிறுத்தினார்.

ஓட்டை இல்லாத வண்டியை நான் முதன்முதலில் பார்த்தது அந்த நாட்களில்தான். மலையில் ஏலத்தோட்டம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்தவர் வளைந்த ஹேண்டில்பார் வைத்த பந்தயச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கோ எல்லாம் தெரிந்த வயது. ஓட்டை இல்லையா, போட்டால் ஆச்சு! டிரில்லை எடுத்து, முன்சக்கரத்தைக் கவ்வி நிற்கிற போர்க்கின் இரண்டு காலிலும் ஒவ்வொரு துளை போட்டுவிட்டேன். மட்கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமையாக வாசலில் நிறுத்தி வைத்தேன்.

பாய் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த இரும்புத் தூளைத்தான் பார்த்தார். குனிந்து அந்த ஓட்டையை விரலால் தடவினார்.

"பரமா, ஒடம்புல எலும்பு எதுக்கு இருக்கு?"

"நிக்கிறதுக்கு பாய்."

"அதுல ஓட்டை போட்டா?"

அந்தப் போர்க்குடன் போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஒரு மனிதர் இறங்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் பாய் தானே பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் புதுப் போர்க்கு வாங்கி வந்து மாற்றினார். அதே வண்டியை என் முன்னால் நிறுத்தினார். "ஓட்டை போடாம மாட்டு" என்றார்.

ஒரு வாரம் மண்டை காய்ந்தது. கம்பியால் கட்டினேன், வழுக்கியது. கயிற்றால் கட்டினேன், பாய் பார்ப்பதற்கு முன் நானே அவிழ்த்துவிட்டேன். எங்கள் கடைக்கு எதிரில் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் பம்பு பழுது பார்க்கும் கடை இருந்தது. எட்டாவது நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தேன். அங்கே ஒருவர் மருந்து ஹோஸை பம்பில் செருகி, அதன்மேல் ஒரு தகர வளையத்தைப் போட்டு, திருப்புளியால் இரண்டு திருகு திருகினார். அந்த அழுத்தத்துக்கே அசையாமல் ஹோஸைப் பிடித்து வைக்கிற கிளிப், என் போர்க்கைப் பிடிக்காதா? டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பழைய டியூபை அறுத்து போர்க்கின் காலில் சுற்றி, அதன்மேல் கிளிப்பைப் போட்டேன். கிளிப்புக்கு அடியில் மட்கார்டின் கம்பியைக் கொடுத்து முடுக்கினேன். ரப்பர் இருப்பதால் வழுக்காது, பெயின்டிலும் கீறல் விழாது. கிளிப்பின் திருகு வெளியே நீட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும் என்பது என் கெண்டைக்கால் கிழிந்த பிறகு தெரிந்தது. அதைப் பின்பக்கமாகத் திருப்பி, மிச்சத் தகரத்தை வெட்டி, அரத்தால் தேய்த்தேன்.

பாய் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கீழே விட்டார். தப். கண்ணைத் திறந்தார். அடுத்த வண்டியை எடுத்து நிறுத்தினார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

அதற்குப் பிறகு ஓட்டை இல்லாத வண்டி எது வந்தாலும் அது என்னிடம்தான் வரும். போடியில் மட்டும் இல்லை, பக்கத்து ஊர் தேவாரத்தில் இருந்தும் தேடி வருவார்கள். இப்படி இருந்தவனுக்கு இறுமாப்பு வருமா வராதா? வந்தது. அதை இறக்கிவைத்தது பேச்சியம்மாளின் வண்டி. பாய் காலமாகி, அன்வர் கடையைப் பார்க்க ஆரம்பித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அது நடந்தது.

பேச்சியம்மாள் சிலமலைக்காரி. நாற்பது வயது இருக்கும். போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை. சுளகில் காயைக் கொட்டி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்கிற வேலை. அவள் கொண்டுவந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். பருத்த டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கு, முன் போர்க்கில் ஷாக்கப்சர், புத்தம் புதிய கியர் சைக்கிள்.

"மக ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச வண்டிண்ணே" என்றாள். "அவ படிக்க வெளியூர் போயிட்டா. நான்தேன் ஓட்டுறேன்."

மகள் ஜெயித்த வண்டி என்று சொல்லும்போது அந்த ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே சொன்னாள். விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அவளுடைய கஷ்டம் இதுதான். அந்த ஸ்டோரில் காலை ஆறரைக்குப் பெயர் வாசிப்பார்கள். சிலமலையில் இருந்து அந்த நேரத்துக்குத் தோதாகப் பஸ் கிடையாது. சைக்கிளில்தான் வரவேண்டும். ஈரத் துணியோடு யாரையும் பொறுக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். உலர்ந்த காய் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் பச்சை நிறம் போய்விடும். அதனால் மேற்பார்வை பார்க்கும் ராசாத்தி அம்மா வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். மேலே இருந்து விழுகிற மழைக்குப் பயமில்லை, ரெயின்கோட்டு போட்டுக்கொள்ளலாம். ரோடெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற, மழை விட்ட காலைதான் மோசம். மேலே இருந்து ஒரு சொட்டு விழாது, ஆனால் கீழே இருந்து சக்கரம் வாரி இறைக்கும். ரெயின்கோட்டைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தும் பார்த்திருக்கிறாள். அடியில் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும்.

"மூணு வாட்டி வெளியவே நிப்பாட்டிட்டாகண்ணே. இன்னொரு வாட்டி இப்பிடி வந்தா வராதேன்னு சொல்லிட்டாக. எனக்குப் பதிலா வர ஆளு வரிசையில நிக்கிது."

அன்வர் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "இதுக்கு வராதேக்கா" என்று ஆரம்பித்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். மீதியை முழுங்கிவிட்டான்.

"நாளைக்குக் காலையில எடுத்துக்க ஆத்தா" என்றேன்.

பின்சக்கரம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த அகலத்துக்குப் பிளாஸ்டிக் மட்கார்டு கடையிலேயே இருந்தது. பின் குழாய்களில் ரப்பர் சுற்றி, கிளிப் போட்டு, பிரேக்கு வயர்மேல் கிளிப் ஏறாமல் பார்த்து முடுக்கினேன். முன்சக்கரத்துக்குத்தான் ஒரு ஜாலவித்தை செய்தேன். போர்க்கின் நடுக்குழாய் கீழே இருந்து பார்த்தால் உள்ளே வெறும் பொந்து. பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரை இறுக்க உள்ளே ஓர் ஆப்புக் கட்டை இருக்கும், போல்ட்டைத் திருகத் திருக அது விரிந்து குழாயைக் கவ்வும். அதையே எடுத்து அந்தப் பொந்துக்குள் அடியில் இருந்து ஏற்றி, மட்கார்டின் உச்சியை அதில் தொங்கவிட்டேன். கம்பிகளைப் போர்க்கின் அடிக்கால்களில் கிளிப் போட்டு இறுக்கினேன். அன்வர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். எனக்கும் என்னை யாராவது படம் எடுத்தால் தேவலை என்று இருந்தது.

வண்டியை ஒரு சாண் தூக்கி, கண்ணை மூடிக் கீழே விட்டேன். தப். ஒரே சத்தம்.

இரண்டு நாள் கழித்து பேச்சியம்மாள் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. சேலையெல்லாம் சகதி. முன் மட்கார்டு மடங்கிப் போய்ச் சக்கரத்துக்குள் சிக்கியிருந்தது. வழியில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் முன்சக்கரம் மேலே எழும்பி மட்கார்டைக் கவ்விவிட்டது. வண்டி நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. விழுந்தவள் எழுந்து, வண்டியைத் தூக்கிக்கொண்டே ஸ்டோர் வரைக்கும் நடந்திருக்கிறாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, மட்கார்டைக் கழட்டிருங்க" என்றாள். "வேற சோலி தேடிக்கிறேன். வண்டி முழுசா இருந்தாப் போதும்."

நாற்பது வருடத்தில் என் வேலையால் ஒருவர் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவளை உட்காரவைத்து, கைக்கு மருந்து போடச் சொல்லிவிட்டு, நேராக ஸ்டோருக்குப் போனேன். ராசாத்தி அம்மா வாசலிலேயே இருந்தார். கையில் பெயர்ப்பட்டியல், தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"பேச்சியம்மா மேல தப்பு இல்லைங்க. மட்கார்டு மாட்டுனது நான். என் சோலிதான் கெட்டுப்போச்சு" என்றேன்.

"தப்பு யார் மேலன்னு நான் கேக்கலையே" என்றார். "காய் மேல ஈரம் படக்கூடாது. அது ஒண்ணுதேன் எனக்குத் தெரியும். அதுக்கு யாரு காரணம்னு காய் கேக்குமா?"

"ஒரே ஒரு தடவை பாருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. அன்னைக்கு நனைஞ்சு வந்தா, நீங்களும் வரவேணாம், அவளும் வரவேணாம்" என்றார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கடைக்குத் திரும்பி, மடங்கிய மட்கார்டை நிமிர்த்திவிட்டு, வண்டியைத் தலைகீழாகப் போட்டு, நேராகப் போட்டு, பக்கவாட்டில் போட்டுப் பார்த்தேன். எல்லா நட்டும் வைத்த இடத்தில் இருந்தது. மறுபடியும் தூக்கிக் கீழே விட்டேன். தப். ஒன்றும் பேசவில்லை. பாய் சொல்லிக்கொடுத்த சோதனையில் தேறிய வண்டி எப்படி ரோட்டில் ஆளைத் தள்ளும்? கோபத்தில் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்தினேன். ஷாக்கப்சர் உள்ளே போய் வெளியே வந்தது. சக்கரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மட்கார்டின் உச்சி மட்டும் கீழே இறங்கி டயரைத் தொட்டுவிட்டு மேலே போனது.

அப்போதுதான் உறைத்தது. "மாப்ளே, வெரசா வா! இதுல ஏறி உக்காந்து குதி!" என்று கத்தினேன். அன்வர் எண்பது கிலோ. அவன் ஏறிக் குதிக்க, நான் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன்.

பழைய சைக்கிளில் போர்க்கு ஒரே கட்டை. எங்கே பிடித்தாலும் ஒன்றுதான். இதில் போர்க்கு இரண்டு பாகம். மேல்பாகம் ஆளோடு நிற்கும், கீழ்பாகம் சக்கரத்தோடு ஏறி இறங்கும். நான் மட்கார்டின் தலையை மேல்பாகத்திலும் காலைக் கீழ்பாகத்திலும் கட்டிவைத்திருக்கிறேன். ஏணியின் தலையை வீட்டுச் சுவரிலும் காலை நிற்கிற பஸ்சிலும் கட்டினால், பஸ்சு கிளம்புகிற வரைக்கும் ஏணி நன்றாகத்தான் இருக்கும். ஆள் ஏறாத வண்டியை ஒரு சாண் உயரத்தில் இருந்து போட்டால் இந்த ஷாக்கப்சர் அசையக்கூட அசையாது. பாயின் சோதனை ஷாக்கப்சர் இல்லாத வண்டிக்கான சோதனை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவன் நான்தான். கண்ணை மூடியது சத்தம் கேட்க. மூளையையும் சேர்த்து மூடச் சொல்லி அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தரையில் படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்வர் மேலே இருந்து, "என்ன மாமா, எறங்கவா?" என்றான். "இன்னும் கொஞ்சம் குதி. அழகா இருக்கு" என்றேன்.

என் ஜாலவித்தை ஆப்பைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். ஷாக்கப்சரின் இரண்டு கீழ்க்கால்களையும் சேர்த்து, டயருக்கு மேலே ஒரு வளைவு பாலம் மாதிரி இருக்கும். அதுவும் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவது. மட்கார்டின் உச்சியை அந்தப் பாலத்தில் பிடித்துவிட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும், ஒன்றாக வரும். ஆனால் பாலம் உருண்டையும் இல்லை, சதுரமும் இல்லை. கிளிப் நிற்காமல் நழுவியது. பழைய கேரியரில் இருந்து ஒரு பட்டையை வெட்டி, பாலத்தின் வளைவுக்குத் தக்கபடி தட்டித் தட்டி வளைத்தேன். கீழே ரப்பர், மேலே பட்டை, அதன்மேல் இடமும் வலமுமாக இரண்டு கிளிப். ஏழு தடவை வளைத்தேன். ஏழாவது தடவை கையை எடுத்தபிறகும் பட்டை பாலத்தின்மேல் தானாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல! கம்பிகளைக் கீழ்க்கால்களிலேயே முடுக்கி, உள்ளே வருகிற முனையில் ஒரு விரலும், வெளியே போகிற முனையில் இரண்டு விரலும் இடைவெளி விட்டேன்.

சோதனையையும் மாற்றினேன். சனிக்கிழமை சாயங்காலம் அன்வரை வண்டியில் ஏற்றி, பின்னால் கேரியர் இல்லாததால் முதுகில் அரைமூட்டை அரிசியைக் கட்டி, தெருமுனை வேகத்தடையில் இருபது தடவை ஏறி இறங்கச் சொன்னேன். நான் பக்கத்திலேயே ஓடினேன், காதை மட்கார்டுக்குக் கொடுத்துக்கொண்டு. தெருவே வேடிக்கை பார்த்தது. "முதலாளிக்கு என்ன தண்டனை இது?" என்று டீக்கடையில் கேட்டார்கள். இருபதாவது தடவையும் டயர் மட்கார்டைத் தொடவில்லை. எந்த நட்டும் பேசவில்லை. அன்வர்தான் பேசினான். அதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். வண்டியைப் பார்த்தாள், ஏறவில்லை. கை இன்னும் ஆறியிருக்கவில்லை.

"மறுபடி விழ மாட்டேன்ல அண்ணே?"

சத்தியம் பண்ணலாம் என்று நினைத்தேன். போன தடவையும் எனக்கு அதே நிச்சயம்தான் இருந்தது. அதனால் சத்தியம் பண்ணவில்லை. நானே ஏறி அந்த வேகத்தடையை நோக்கி வேகமாக மிதித்தேன். அறுபது வயதில் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்புவது நல்லதல்ல, ஆனால் எழும்பினேன். இறங்கினேன். விழவில்லை. திரும்பி வந்து வண்டியை அவள் கையில் கொடுத்தேன். ஏறி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி நல்ல மழை. விடிவதற்குள் விட்டுவிட்டது. அவளுக்கு ஆகாத காலை என்றால் அதுதான். ஆறு மணிக்கே ஸ்டோருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். ரோடு முழுக்கத் தண்ணீர். ஸ்டோர் வாசலுக்கு முன்னால் குளம் மாதிரி தேங்கிக் கிடந்தது. நடந்து வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனார்கள். ராசாத்தி அம்மா ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஆறு இருபதுக்கு பேச்சியம்மாள் தெருமுனையில் திரும்பினாள். அதற்கு முன்னால் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை தாண்டி வந்தாளோ. அவளும் ஓரமாக இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற ராசாத்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு இறங்காமல், மிதியை நிறுத்தாமல், அந்தக் குளத்துக்கு நட்டநடுவில் விட்டாள் வண்டியை! தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறிப் பிரிந்தது. ஓரமாகப் போன பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு சுவரில் ஒட்டினார்கள்.

வாசலில் இறங்கி வண்டியை நிறுத்தினாள். யாரும் சொல்வதற்கு முன்பே முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

ராசாத்தி அம்மா கண்ணால் பார்த்ததோடு விடவில்லை. கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் கையால் தடவினார். குனிந்து சேலையின் அடியைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எழுந்து, "உள்ள போ" என்றார்.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப நேரமும் இல்லை, பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். ஏன் என்று தெரியாமல் நான் ரோட்டைக் கடந்து, அந்தத் தண்ணீருக்குள்ளேயே நடந்து, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஒவ்வொருவராக இருக்கேன், இருக்கேன் என்றார்கள்.

"பேச்சியம்மா!"

"இருக்கேன்!" என்றாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.